தாலிக்கொடிக்குப் பக்கத்தில் ஒரு ரிவோல்வர்

போன சனிக்கிழமை கராஜில் ஒரு சூட்கேஸைத் தேடப்போய், பழைய பெயின்ட் வாளிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் காதடைப்பானைக் கண்டெடுத்தேன். தலைக்கு மேலால் வளைந்து இரண்டு காதையும் கிண்ணம்போல மூடுகிற சாமான். சும்மா மாட்டிப் பார்த்தேன். உலகம் அப்படியே அடங்கிப்போயிற்று. அந்த அமைதியில் வியர்வையும் எண்ணெயும் வெடிமருந்தும் கலந்த மணம் ஒன்று மூக்கில் ஏற, என்னையறியாமல் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். குசினியிலிருந்து மனைவி மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறாள். நாலாவது தரம் கராஜ் வாசலில் வந்து நின்று, "உதைப் போட்டுக்கொண்டு தனியச் சிரிக்கிறீங்கள். டொக்டரிட்டக் காட்டுவமோ?" என்றாள்.

நான் நாள் எழுதுகிற ஆள். மழை பெய்த நாள், கார் சர்வீஸுக்குப் போன நாள், யார் வீட்டில் என்ன கறி என்று எல்லாம் தடித்த மட்டை போட்ட சிஆர் கொப்பிகளில் இருக்கிறது. இதனால் யாருக்கும் எந்தப் பயனும் இருந்ததில்லை, ஒரேயொரு மனிதரைத் தவிர. அவர் மரியதாஸ் அண்ணன். அவர் ரிவோல்வர் தெரிவு செய்த கதைக்கு மட்டும் என்னிடம் ஒன்றரைக் கொப்பி இருக்கிறது.

அண்ணன் மன்னார்க் கடற்கரைக்காரர். மெரிலேண்ட்ஸில் ஒரு பாண் பேக்கரியில் அவர் பாண் வேகிற போறணைப் பக்கம், நான் பொதி கட்டுகிற பக்கம். நான் சிட்னிக்கு வந்து வேலை செய்த முதல் இடம் அதுதான். பாண் மணத்துக்குள் நின்றுகொண்டு அந்த மனிதர் மாடு பற்றிப் பேசுவார். பரம்பரையில் ஒருவரும் மாடு வளர்த்ததில்லை. ஆனால் ஒரு நாள் மலைகளுக்கு அந்தப் பக்கம், மூன்று மணித்தியாலக் கார் ஓட்டத்தில், கல்லும் சரிவுமான ஒரு காணியை வாங்கிவிட்டு வந்து நின்றார். பன்னிரண்டு மாடுகளும் சேர்த்து.

"வள்ளம் வாங்கியிருந்தாலும் ஒரு ஞாயம் இருக்கு," என்றார் அவருடைய மனைவி ஜெசிந்தா அக்கா. "கடலில பிறந்த மனிசன் மாட்டுக்கு எந்தப் பக்கம் தலையெண்டு கண்டாரோ?"

கண்டுகொண்டார். வேலை முடிந்து வெள்ளிக்கிழமை போனால் ஞாயிறுதான் திரும்புவார். மாடுகளுக்குப் பெயரும் வைத்தார், எல்லாம் புனிதர்களின் பெயர். பிலோமினா என்றொரு சிவப்பு மாடு இருந்தது. ஒரு சனி காலை அது ஓடைப் பள்ளத்துக்குள் சறுக்கி விழுந்து முன்னங்கால் இரண்டையும் முறித்துக்கொண்டது. அண்ணனிடம் நீளத் துவக்கு ஒன்று இருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்துக்குள் இறங்குவதென்றால் இரண்டு கையாலும் வேரையும் கல்லையும் பிடிக்க வேண்டும். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு தரம் இறங்கப் பார்த்து, இரண்டு தரமும் சறுக்கி, கடைசியில் துவக்கை மேலே பூட்டி வைத்துவிட்டு வெறுங்கையுடன் இறங்கினார். தொலைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. தொப்பியால் ஈ விரட்டிக்கொண்டு மாட்டின் தலைமாட்டில் குந்தியிருந்தார். பக்கத்துக் காணிக்காரர் கெவின் வந்து சேர்ந்தபோது பின்னேரம் மூன்று மணி. கெவின் இடுப்பிலிருந்த பெரிய ரிவோல்வரை எடுத்தார். ஒரு வெடி. எல்லாம் முடிந்தது.

திங்கட்கிழமை பேக்கரியில் அண்ணன் மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏழு மணித்தியாலம் தம்பி. அது என்னைப் பாத்துக்கொண்டே கிடந்தது. இன்னொரு மாட்டை நான் அப்பிடிக் கிடக்க விடமாட்டன்."

இங்கே கைத்துவக்கு வாங்குவது கடையில் பால் வாங்குவது மாதிரியல்ல. காரணம் காட்ட வேண்டும். பயமாயிருக்கிறது என்பது காரணமாகாது. காணியில் மாடு வளர்ப்பவர், கரடுமுரடான நிலம், நீளத் துவக்குக் கொண்டுபோக முடியாத இடங்கள் என்று படத்தோடு நிறுவினால் காணிக்குள் மட்டும் இடுப்பில் கொண்டுதிரிய அனுமதி கிடைக்கலாம், கிடைக்காமலும் விடலாம். ஆகவே முதலில் காணிக்குக் கிட்ட இருக்கிற எங்கள் கிளப்பில் சேர்ந்து சுடப் பழகு, பொலிசுக்கு நீ யாரென்று தெரியட்டும் என்றார் கெவின். படிவம் நிரப்புவது எனக்கு ஒரு வியாதி. பள்ளத்தின் சரிவைக் கோணமானி வைத்து அளந்து, வரைபடம் கீறி, திகதியிட்டு இணைத்தேன். கிளப்பிலும் சேர்ந்தேன், யாராவது வரவு எழுத வேண்டாமா? மஞ்சள் காதடைப்பான் அப்போது வாங்கியது.

அந்தச் சனிக்கிழமைகளை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! கெவினும் நண்பர்களும் தங்கள் ரிவோல்வர்களை மேசையில் அடுக்குவார்கள். நாங்கள் ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்ப்போம். நாற்பத்துநாலு, நாற்பத்தைந்து என்றெல்லாம் சொல்வது குழல் வாயின் அகலம், அங்குலத்தை நூறாகப் பிரித்த கணக்கு. முப்பத்தெட்டுக்கு மேல் போனால் கிளப்பில் நினைத்தபடி சுட முடியாது, அதற்கென்று அனுமதித்த போட்டிகளில் மட்டும்தான். அப்படி ஒரு போட்டியில் தூரத்தில் இரும்பால் வெட்டிய கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா எல்லாம் வரிசையாக நிற்கும். குண்டு பட்டால் போதாது, விழ வேண்டும். அண்ணனுடைய முதல் இரும்புக் கடா "டங்ங்" என்று விழுந்த அன்று அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ள, "முதலில் துவக்கைக் கீழே வையும் மேட்!" என்று கெவின் கத்தியது கொப்பியில் இருக்கிறது. ஐப்பசி, இரண்டாவது சனி, காற்று.

கெவினுடைய நாற்பத்துநாலை நான் சுட்ட கதை வேறு. அது கையில் இருந்து வானத்தைப் பார்க்க எழும்பியது, என் தொப்பி பின்னால் போயிற்று, குண்டு பக்கத்துச் சுடும் பாதையில் நின்ற ஒரு பல் வைத்தியருடைய இலக்கு அட்டையில் நடுப்புள்ளியைத் துளைத்தது. அவர் அதைத் தன்னுடையதாகவே எழுதிக்கொண்டார்.

நான் ஒரு அட்டவணை போட்டேன். வாய் அகலம், பாரம், உதைப்பு, குழல் நீளம், துரு. குழல் கட்டையாக இருந்தால் பள்ளத்தில் இறங்கும்போது தொடையில் இடிக்காது, நீளமாக இருந்தால் இரும்புக் கடாவைப் பிடிக்கலாம். கறுப்புச் சாயம் போட்டது அழகு, துருப்பிடிக்காத உருக்கு வியர்வைக்குத் தாங்கும். நாற்பத்துநாலு வாங்கினால் அதே துவக்கில் சாந்தமான குண்டும் போட்டுப் பழகலாம் என்பது கெவினின் கட்சி. முப்பத்தெட்டுக்குள் நிற்கிற ஒன்று போதும் என்பது என் கட்சி, தொப்பி போன அனுபவம். அண்ணன் இரண்டு கட்சியிலும் இருந்தார்.

ஜெசிந்தா அக்கா எந்தக் கட்சியிலும் இல்லை. சூட்டுத்திடலுக்கு வருவார், காருக்குள்ளேயே இருப்பார், வீட்டில் பொரித்த ரோல்ஸ் தருவார். "இறங்கி வந்து பாருங்கோவன் அக்கா," என்று ஒருநாள் கேட்டேன். "துவக்கெண்டா நான் பாத்தது காணும் தம்பி," என்றார். ஊரில் எத்தனை சோதனைச்சாவடிகளில் அந்தக் குழல்களுக்கு முன்னால் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். வெடிச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு தரமும் கார்க் கண்ணாடிக்குள் அவருடைய தோள் ஒருமுறை குலுங்கும். நான் அதை எழுதி வைக்கவில்லை. எழுதாமலே நினைவிருக்கிறது.

அவர் ஒரேயொரு நிபந்தனை விதித்தார். துவக்கு வீட்டுக்குள் வருவதானால் யானை இழுத்தாலும் திறக்காத பெட்டிக்குள் வர வேண்டும். சட்டமும் அதையேதான் சொல்கிறது. அண்ணன் ஓர் இரும்புப் பெட்டகத்தை வாங்கி, கொங்கிரீட் தரையில் நாலு போல்ட் இறக்கிப் பொருத்தினார். நாங்கள் மூன்று பேர் அசைத்துப் பார்த்தோம், அசையவில்லை. அக்காவும் வந்து அசைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் கவனித்தேன், ஆனால் அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

பெட்டகத்தைப் பார்வையிடப் பொலிஸ்காரி ஒரு புதன் காலை பத்து மணிக்கு வந்தார். இளம் பெண், நல்ல உயரம். படிவங்களோடு நானும் போயிருந்தேன். அக்கா தேநீர், ரோல்ஸ், வாழைப்பழக் கேக் எல்லாம் பரப்பியிருந்தார். பொலிஸ்காரி போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்தார், தலையாட்டினார். திறக்கச் சொன்னார். அண்ணன் சட்டைப் பையைத் தடவினார். காற்சட்டைப் பையைத் தடவினார்.

"இஞ்சவிடுங்கோ," என்று அக்கா கழுத்துச் சங்கிலியை இழுத்தார். மாதா சுரூபத்தோடு சேர்ந்து திறப்பு வெளியே வந்தது. கதவு திறந்தது.

உள்ளே முதல் தட்டில் தாலிக்கொடி, எட்டுச் சோடி காப்பு, பதக்கம், அட்டியல். இரண்டாம் தட்டில் பாஸ்போர்ட்டுகள், காணி உறுதி, இரண்டு மகள்மாருக்கும் தேவாலயத்தில் தந்த முதல்நன்மைச் சான்றிதழ்கள். அடியில் கூறைச்சேலை, நப்தலின் உருண்டைகளுடன். காணியிலிருந்து கொண்டுவந்த நீளத் துவக்கு ஒரு மூலையில் வெட்கப்பட்டு ஒடுங்கி நின்றது. ரிவோல்வருக்கு இடமேயில்லை.

"இதன் திறப்பு யாரிடம் இருக்கும்?" என்று பொலிஸ்காரி ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

அக்கா பெருமையோடு நெஞ்சில் கைவைத்தார். "ஒன்லி மீ, மேடம்! ஹஸ்பண்ட், எவ்ரிதிங் லூசிங்!"

லைசன்ஸ் இல்லாத ஒருவர் கையில் துவக்குப் பெட்டித் திறப்பு இருப்பதைவிடப் பெரிய குற்றம் அந்தப் படிவங்களில் இல்லை. நான் எத்தனையோ மாதம் பக்கம் பக்கமாக நிரப்பியவன், இதைச் சொல்ல மறந்துவிட்டேன். பொலிஸ்காரி கொப்பியை மூடினார். அண்ணனின் முகம் போறணையில் அமுங்கிய பாண் மாதிரி இறங்கியது. பள்ளத்துக்குள் கிடந்த மாட்டைப் பற்றிப் பொலிஸ்காரிக்குத் தமிழிலேயே சொல்லத் தொடங்கினார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "இதுக்காண்டி அவருக்குக் குடுக்கமாட்டினமோ?"

"ஓம் அக்கா. திறப்பு லைசன்ஸ் உள்ள ஆளிட்டத்தான் இருக்கவேணும்."

அக்கா பொலிஸ்காரியிடம் நேரே கேட்டார்: "இஃப் ஐ டேக் லைசன்ஸ், கீ வித் மீ, ஓகே?"

பொலிஸ்காரி சிரித்த சிரிப்பில் ரோல்ஸ் துண்டு ஒன்று தொண்டையில் ஏறி, அண்ணன் தண்ணீர் எடுக்க ஓடினார். ஓகேதானாம். அதுவரைக்கும் நகையும் சேலையும் வெளியே, திறப்பு அண்ணனிடம். ஒரு மாதத்தில் திரும்பி வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, கேக்கைப் பொதி கட்டி வாங்கிக்கொண்டு போனார். நகை அரிசிப் பீப்பாவுக்குள் போயிற்று. இரண்டாவது பார்வையில் அண்ணன் தேறினார். அக்கா அன்றிலிருந்து அரிசி அள்ளும்போதெல்லாம் காப்பு எண்ணினார், பெருமூச்சு விட்டார், கடைசியில் கிளப் படிவத்தை என்னிடம் கொண்டுவந்து வைத்தார்.

முதல் தடவை அவர் சுடும் பாதையில் வந்து நின்றபோது கெவின் துவக்குகளை மேசையில் அடுக்கினார். அண்ணன் தூரப் போய் நின்றார். அக்கா மூன்று துவக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு நாலாவதை எடுத்தார். ஆறு அங்குலக் குழல், துருப்பிடிக்காத உருக்கு, எல்லாவற்றிலும் பாரம் கூடியது, நாற்பத்துநாலு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுட்டார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும். ஆறாவது குண்டில் இரும்புக் கோழி விழுந்தது.

"அக்கா, உதுதான் எல்லாத்திலயும் பெரிசு!" என்றேன்.

"பாரமெண்டபடியால்தான் தம்பி அடங்கி நிக்குது. மற்றதெல்லாம் துள்ளுது, இவரை மாதிரி." என் அட்டவணை அத்தோடு முடிந்தது. அண்ணன் அதையே வாங்கினார். தொடையில் இடித்தது, முறையிடவில்லை. அடுத்த வருடம் அக்காவின் லைசன்ஸ் வந்த அன்று தாலிக்கொடியும் கூறையும் பெட்டகத்துக்குத் திரும்பின. ரிவோல்வர் கூறைச்சேலைக்குப் பக்கத்தில் இருந்ததால் கிளப்பில் எப்போதும் நப்தலின் மணத்தது.

காணிக்கான அனுமதியும் வந்தது. அண்ணன் வருடக்கணக்காக அதை இடுப்பில் கொண்டுதிரிந்தார். தேவைப்பட்டது ஒரேயொரு நாள். நானும் நின்றேன். ஒரு கறுத்த பசு அதே பள்ளத்துக்குள் கிடந்தது. அண்ணன் விறுவிறுவென்று இறங்கினார், இரண்டு கையும் வேரிலும் கல்லிலும். பின்னால் அக்கா, கடைசியாக நான். அண்ணன் ரிவோல்வரை எடுத்தார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கை அசையவில்லை.

"பொறுங்கோ!" என்று அக்கா கத்தினார். குனிந்து பசுவின் காலைத் தடவினார். "முறியேல்லயப்பா! வேருக்குள்ள மாட்டுப்பட்டுக் கிடக்கு!"

அண்ணன் துவக்கை உறைக்குள் போட்டுவிட்டு வேரை இழுத்தார். நாங்கள் பின்னால் தள்ளினோம். பசு எழும்பியது, அண்ணனின் நெஞ்சில் ஒரு முட்டுக் கொடுத்துச் சேற்றுக்குள் விழுத்திவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்துபோயிற்று. மூன்று பேரும் சேற்றுக்குள் இருந்து வயிறு நோகச் சிரித்தோம். நேரம் காலை ஒன்பது இருபது. கண்டதிலிருந்து கணக்கிட்டால் பதினைந்து நிமிடம்.

முழங்கால் இடங்கொடாமல் போக, அண்ணன் காணியை விற்றார், கிளப்பையும் இருவரும் விட்டார்கள். மாடுகள் இல்லையென்றால் அனுமதியும் இல்லை, ரிவோல்வரைத் துவக்குக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா அதைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, வாங்கப்போகிறவரிடம் மாடு இருக்குமா என்று கேட்டார். கடைக்காரர் சொல்ல முடியாது என்றார். நாங்கள் காரில் திரும்பி மலை இறங்கும்போது, "பாவம், ஒரு மாட்டையும் அது சுடேல்ல," என்றார் அக்கா. "அதுக்குத்தானே வாங்கினது!" என்றார் அண்ணன். சிரிப்புத் தாங்காமல் காரை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

கெவின் இப்போது இல்லை. இரும்புக் கடாக்கள் நின்ற வெளியில் ஒரே மாதிரிக் கூரை போட்ட வீடுகள் வந்துவிட்டன. அக்காவின் நகைகள் மகள்மாரிடம். காணியை வாங்கியவர் மாடு வைக்கவில்லை, மரம் நட்டிருக்கிறாராம். அந்தப் பள்ளத்துக்குக் குறுக்கே கம்பிவேலி போட்டிருக்கிறார், சறுக்கி விழ அங்கே இப்போது எதுவும் இல்லை.