லிட்டருக்கு நாற்பத்தொன்பது

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். செவ்வாயன்று காபி போடுவது என் முறை. போட்டு மனைவிக்கு ஒரு டம்ளர் மூடி வைத்துவிட்டு, ஐந்தே முக்காலுக்கு மோட்டார் சைக்கிளைத் துடைத்தேன். இரண்டு டயரிலும் காற்றைக் கருவி வைத்துப் பார்த்தேன். முன்னால் இருபத்தைந்து, பின்னால் இருபத்தெட்டு, சரி. குளியல், ஜெபம், மூன்று இட்லி. ஆறு ஐம்பதுக்குச் சேலையூர் வீட்டிலிருந்து கிளம்பினேன். சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவன வளாகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் எனக்கு வேலை. எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். செவ்வாய் மட்டும் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவேன். அது பெட்ரோல் போடும் நாள்.

இந்த வண்டி எரிக்கும் பெட்ரோலை ஆறு வருடமாக ஒரே விதமாகக் கணக்கிடுகிறேன். வேளச்சேரி சாலையில் ஒரே பங்க், ஒரே மெஷின். டேங்க் கழுத்து வரை நிரப்புவேன். நோட்டில் நான்கு கட்டங்கள்: தேதி, மீட்டர் காட்டும் தூரம், போட்ட லிட்டர், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். கடைசிக் கட்டம் ஐம்பத்தாறுக்குக் கீழே இறங்கியதில்லை, ஐம்பத்தெட்டுக்கு மேலே ஏறியதில்லை. ஜூன் 11 அன்று அது நாற்பத்தொன்பது ஆனது. அதன்பின் ஒன்பது வாரமும் அங்கேயே நின்றது.

பெட்ரோல் பங்கில் எனக்கு எதுவுமே பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கோ பார்த்துக்கொண்டு "ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்று சொல்வது பிடிக்காது. நூறு, இருநூறு என்று கேட்டால் ஏமாற்றிவிடுவார்கள் என்று நூற்றுப்பத்து, இருநூற்றுப்பத்து எனக் கேட்டு, அதிலேயே தன்னைப் பெரிய சாமர்த்தியசாலியாக நினைத்துக்கொள்ளும் கூட்டம் பிடிக்காது. மூடியைத் திறப்பதற்குள் முதுகில் ஹாரன் அடிப்பவனைப் பிடிக்காது. கணக்கு ஒன்றுக்காகத்தான் அங்கே நின்றேன்.

அந்தப் பெண் ஜூன் 11 அன்றுதான் அந்த மெஷினுக்குப் புதிதாக வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். சீருடைத் தொப்பி, அதற்குக் கீழே முகத்தைச் சுற்றிய துப்பட்டா.

"ஃபுல்" என்றேன்.

ஆட்டோ கட்டில் பெட்ரோல் தானாக நின்றதும் குழாயை எடுத்தாள். "ஆச்சு சார்."

"கழுத்து வரைக்கும் போடும்மா."

"ஃபுல்லுன்னா இவ்ளோதான் சார். வெயில்ல பொங்கிக்கினு வெளிய வரும். அப்பால எங்களத்தான் திட்டுவீங்க."

"போடச் சொன்னா போடு."

சொட்டுச் சொட்டாக விட்டாள். பின்னால் ஒருவன் கத்தினான்: "யோவ் பெருசு, குடத்துலயா தண்ணி புடிக்கிற?"

அவள் சிரித்தாள். அதே நோட்டின் பின்பக்கங்களில் எழுதும் நாட்குறிப்பில் அந்தச் சிரிப்பையும் எழுதினேன். அடுத்த செவ்வாய் நான் வரிசையில் நிற்கும்போதே பக்கத்து மெஷின்காரரிடம், "மைலேஜ் சார் வன்ட்டாரு, நீ மத்தவங்களப் பாரு, எனக்குப் பத்து நிமிசம் பேஜாரு" என்றாள். என் காதில் விழவேண்டும் என்றேதான் சொன்னாள்.

அவள் வந்த நாளும் என் வண்டியின் எண் விழுந்த நாளும் ஒன்று. எனக்கு இதுவே போதுமாக இருந்தது. எத்தனால் கலப்புதான் காரணம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எத்தனால் ஒரே வாரத்தில் எட்டுக் கிலோமீட்டரைத் தின்னுமா? தின்றாலும் ஒன்பது வாரம் ஒரே எண்ணில் நிற்குமா? கார்புரேட்டரைத் திறந்து பார்த்தேன். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன். எல்லாம் சரி. மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

ஆகஸ்ட் 6 அன்று பங்கின் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி நான்கு பக்கம் எழுதினேன். அளவு குறைகிறது, இந்த மெஷினில் இந்தப் பெண் ஊழியர் வந்தது முதல் குறைகிறது, தெரிந்தே செய்கிறார் என்று ஒன்பது வாரக் கணக்கோடு எழுதினேன். அவள் சிரித்ததையும் சேர்த்தேன்.

இந்தச் செவ்வாய் ஏழு மணிக்கு நான் உள்ளே நுழைந்ததும் மேனேஜர் ஓடிவந்தார். முப்பது வயதுக்காரர், எப்போதும் வியர்த்திருப்பவர்.

"சார், நீங்க எழுதினதை ஓனர் படிச்சுட்டாரு. வெள்ளிக்கிழமை ஆயில் கம்பெனி ஆபீசர் வர்றாரு, புக்கைத்தான் முதல்ல பார்ப்பாரு. அந்தம்மாவ வேலைய விட்டு எடுத்துடுன்னு ஓனர் நேத்தே சொல்லிட்டாரு. நான்தான் உங்க முன்னாடி அளந்து காட்டிட்டு முடிவு பண்ணலாம்னு சொல்லியிருக்கேன்."

"அளங்க" என்றேன்.

ஐந்து லிட்டர் கேனைக் கொண்டுவந்தார். எடையளவு ஆய்வாளரின் முத்திரை அதில் இருந்தது. குனிந்து படித்து, நடப்பு ஆண்டுதான் என்று உறுதி செய்தேன். அந்தப் பெண்ணே குழாயைப் பிடித்தாள். திரையில் ஐந்து லிட்டர் வந்ததும் நின்றது. கேனின் கழுத்துக் கண்ணாடியில் பெட்ரோல் கோட்டின் மேல் நின்றது. ஒரு நூல்கூடக் கீழே இல்லை.

"இன்னொரு தடவை" என்றேன்.

மறுபடியும் கோட்டிலேயே நின்றது. சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஆட்டோக்காரர் ஒருவர், "சார், வேணும்னா ஸ்பூன்ல அளக்கச் சொல்லட்டா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் இந்த முறை சிரிக்கவில்லை.

மேனேஜர் பேனாவை நீட்டினார். "அளவு சரின்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க சார். அவங்க வேலை நிக்கும்."

"எழுத மாட்டேன். கேன் சரியாக் காட்டுது, சரி. என் வண்டி நாற்பத்தொன்பது குடுக்குதே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

அப்போதுதான் அவள் வாய் திறந்தாள். "எங்க மெஷினுக்கு சீல் கீது. கேனுக்கு சீல் கீது. உன் வண்டி மீட்டருக்கு யாரு சார் சீல் வச்சா?"

"என்னம்மா பேசற?"

"எவ்ளோ தூரம் ஓடுச்சுன்னு அதுதான உனக்குச் சொல்லுது? அது சரியாச் சொல்லுதான்னு பாத்தியா?"

வண்டியை எடுத்தேன். அவள் வாயை அடைக்கவேண்டும் என்பதைத் தவிர மனதில் வேறொன்றும் இல்லை. அலுவலகத்துக்குப் போன் செய்து அரைநாள் விடுப்புச் சொன்னேன். தாம்பரம் வழியாக ஜி.எஸ்.டி. சாலைக்குப் போய், பெருங்களத்தூர் நெரிசலைக் கடந்து, வண்டலூருக்கு அப்பால் ஒரு கிலோமீட்டர் கல்லின் பக்கத்தில் நிறுத்தி மீட்டரைக் குறித்துக்கொண்டேன். அங்கிருந்து இடது ஓரமாகவே ஓட்டினேன். சாலையை அகலப்படுத்தியதில் நடுவே இரண்டு கற்களைக் காணவில்லை. பத்தாவது கல் இருந்தது. அதில் எழுதியிருந்ததற்கும் முதல் கல்லில் எழுதியிருந்ததற்கும் வித்தியாசம் பத்து. மீட்டரில் ஏறியிருந்தது எட்டு புள்ளி ஆறு.

எதிர்ப்பக்கம் திரும்பி வந்தும் அளந்தேன். எட்டு புள்ளி ஆறு.

லாரிகள் புழுதியை அள்ளிப் போட்டுக்கொண்டு போக, அந்தக் கல்லில் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டேன். என் நாற்பத்தொன்பதைத் திருத்தினால் ஐம்பத்தேழு வந்தது. வண்டி ஒரு சொட்டும் கூடுதலாகக் குடிக்கவில்லை. பக்கங்களைத் திருப்பினேன். ஜூனுக்கு முன்னால் வாரம் நான்கரை லிட்டர். ஜூனுக்குப் பின்னாலும் வாரம் நான்கரை லிட்டர். குறைந்திருந்தது தூரம் மட்டும்: வாரம் இருநூற்றைம்பத்தைந்து, இருநூற்றிருபதாகியிருந்தது. அதை நான் கவனிக்காமல் இல்லை. வயதாகிறது, ஊர் சுற்றுவது குறைந்துவிட்டது, நல்லதுதான் என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். சேலையூரும் சிறுசேரியும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வரவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது வாரமும் கடைசிக் கட்டத்தை மட்டுமே முறைத்துக்கொண்டிருந்தேன்.

நாட்குறிப்பிலேயே இருந்தது: ஜூன் 4 மாலை, முன் டயர் மாற்றியது. திரும்பும் வழியில் இரும்புலியூரில் அந்த டயரை மாற்றிய மெக்கானிக்கிடம் நிறுத்தினேன்.

"ஆமா சார், சக்கரத்துல மீட்டர் கேபிளைச் சுத்துற பல்சக்கரம் தேஞ்சிருந்துச்சு. உங்க மாடலுது கிடைக்கல. வேற ஒண்ணு மாட்டினேன்."

"ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?"

"முள்ளு ஆடுதுல்ல? பின்ன இன்னா சார்?"

அவனிடம் பேசியது மூன்று நிமிடம். நான் பயன்படுத்திய சொற்களை நாட்குறிப்பில் எழுதவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. அவன் ஸ்பேனரைக் கீழே வைக்காமலேயே கேட்டுக்கொண்டான்.

பகல் ஒன்று இருபதுக்குப் பங்குக்கு வந்தேன். அவளுக்கு இரண்டு மணிவரை வேலை. மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காலையில ரெண்டு வரி கேட்டேன், எழுதாமப் போயிட்டீங்க. ஓனர் பத்து மணிக்குப் போன் பண்ணாரு. ஆள் எழுதிக் குடுத்தானான்னு கேட்டாரு. இல்லன்னேன். நாளைலேர்ந்து வரவேணாம்னு அவங்ககிட்ட சொல்லியாச்சு சார்."

"இப்ப எழுதறேன்."

"எழுதுங்க. ஆனா அவர் போன்ல சொன்னா கேக்கமாட்டாரு. காலையில அஞ்சரைக்கு டேங்க்ல கம்பி விட்டு ஸ்டாக் அளக்க வருவாரு. அப்ப நேர்ல வாங்க."

அவள் மெஷின் பக்கத்தில் போனேன். மீட்டர் தவறு, உங்கள் மேல் தவறில்லை, ஸாரி என்றேன். பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த வண்டியை அனுப்பிவிட்டுத்தான் திரும்பினாள்.

"இன்னா, முடிஞ்சுதா? பொழிச்சலூர்ல வேற பங்க்ல இருந்தேன். ரெண்டு பஸ்ஸு மாறிப் போவணும். வூட்டாண்ட கீதேன்னு இங்க வந்தேன். ரெண்டு மாசத்துல தொரத்திட்ட. புகாரு எழுதசொல்லோ நாலு பக்கம் எழுதின. இப்போ ஒரு ஸாரியா?"

"நாளைக்கு ஓனர்கிட்ட எழுதிக் குடுக்கறேன்."

"நாலு பக்கம் எழுது. ஒரு வரி கொறைஞ்சாலும் நான் கேப்பேன்."

அப்போதும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவள் ஒருமையில் பேசியது சுரீரென்று இருந்தது. ஆனால் அவள் கேட்ட கணக்கு நியாயமானது.

மாலை ஆறிலிருந்து எட்டுவரை உட்கார்ந்து எழுதினேன். மனைவி பள்ளி ஆசிரியை. விடைத்தாள் திருத்துவது போலப் பேனாவோடு வாங்கிப் படித்தாள்.

"முதல் பக்கம் முழுக்க மெக்கானிக்கைத் திட்டியிருக்கீங்க. ரெண்டாவது பக்கத்துல பல்சக்கரம் எப்படிச் சுத்துதுன்னு பாடம். உங்க தப்புன்னு மூணாவது பக்கத்துலதான் வருது."

"வருதுல்ல?"

"அந்த ஓனர் மூணாவது பக்கம் வரைக்கும் படிப்பாரா?"

கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். முதல் வரி: 'நான் எழுதிய புகார் பொய். அந்தப் பெண் ஊழியர் மேல் எந்தத் தவறும் இல்லை.' 'பொய்' என்ற சொல்லை 'தவறு' என்று மாற்றலாமா என்று கேட்டேன். மனைவி சோறு எடுத்து வைக்கப் போனாள். 'பொய்' அப்படியே இருந்தது. ஒன்பதேகாலுக்கு நான்கு பக்கம் முடிந்தது.

மறுநாள் புதன்கிழமை நான்கே முக்காலுக்கு எழுந்தேன். காபி குடிக்கவில்லை. ஐந்து இருபத்தைந்துக்குப் பங்கில் இருந்தேன். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் தரையில் இருந்த மூடியைத் திறந்து நீளமான கம்பியை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் ஓனர். வரவேண்டாம் என்று சொல்லப்பட்டவள் சீருடையோடு காற்றடிக்கும் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

காகிதத்தை நீட்டினேன். ஓனர் கம்பியைத் துடைத்துக்கொண்டே, "கையில எண்ணெய் சார், நீங்களே படிங்க" என்றார்.

முதல் வரியிலிருந்து படித்தேன். ஒரு பக்கம் முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "போதும் சார், புரிஞ்சுது. இதையே புக்ல ஒட்டிடுங்க." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஆறு மணி ஷிஃப்ட் நீயே பாரு."

நான் காகிதத்தை மடிக்கப் போனேன்.

"முதலாளி, இன்னும் மூணு பக்கம் கீது" என்றாள் அவள். "படிக்கட்டும்."

ஓனர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த டேங்க்கின் மூடியைத் திறக்கப் போனார். நான் இரண்டாவது பக்கத்தைத் திருப்பி, அவளைப் பார்த்து, சத்தமாகப் படித்தேன்.