அட்டஸ்டேஷனுக்குப் போன ஜப்பான் பட்டயம்

ஜப்பானிலிருந்து வந்த கெட்டித்தாளைப் பிரித்ததும் சூடமும் மையும் கலந்தாற்போல ஒரு வாசனை, அமீரகத்துப் புஜைராவில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை முழுக்கப் பரவியது. அம்மா மோந்து பார்த்துவிட்டு, "என்னங்க, சாமி படமா?" என்று கேட்டாள். அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! கட்டங்கள் போட்ட பலகையில் கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து இடம் வளைக்கும் 'கோ' என்ற ஆட்டத்தில், அவர் முதல் 'டான்' தகுதி பெற்றதற்கு வந்த பட்டயம் அது.

எண்ணெய்த் தொட்டிகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் அப்பா "ஹெல்பர்". விசாவில்தான் ஹெல்பர், பார்த்ததெல்லாம் சூப்பர்வைசர் வேலை. கோடையில் உச்சி வெயிலில் வெளிவேலை கூடாது என்று அங்கே சட்டம். அந்த ஓய்வில் மற்றவர்கள் குறட்டை விட, இவர் மட்டும் சைட்டுக்கு வந்திருந்த ஜப்பான் இன்ஜினியர் போனில் கோ ஆடுவதை எட்டி எட்டிப் பார்த்து, தன் போனிலும் அதை ஏற்றிக்கொண்டு, அதிலேயே விழுந்து கிடந்தார். பத்து வயதான நான்தான் வீட்டில் அவருக்கு எதிராளி.

இந்த ஆட்டத்தின் தரவரிசை ஒரு வினோதம். கற்றுக்குட்டி முப்பதாவது 'கியூ'வில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் குறைந்து ஒன்றாவது கியூவுக்கு வர வேண்டும். அதன்பின் முதல் டான், இரண்டாம் டான் என்று எண் ஏற ஏற மதிப்பும் ஏறும். "ஒண்ணாவது வந்தவன் அப்புறம் ரெண்டாவது வந்தா அது ஒசத்தியா? நல்லா இருக்கு உங்க கணக்கு!" என்று அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

பட்டயம் வாங்க, ஜப்பானியச் சங்கத்தின் புதிர்களுக்கு விடை அனுப்பலாம், அல்லது தகுதியுள்ளவர் ஒருவர் ஆடிப் பார்த்துப் பரிந்துரைக்கலாம். எப்படியானாலும் கட்டணம் உண்டு. அப்பா இரண்டாவது வழியில் போனார். மூன்று வெள்ளிக்கிழமைகள் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் மீன்குழம்பு காரத்தில் கண்ணீர் வடித்துக்கொண்டே ஆடிய அந்த இன்ஜினியர், மூன்றாம் வாரம் தோற்றுப்போய்ப் பரிந்துரையில் கையெழுத்துப் போட்டார். ஜெயித்தது மீன்குழம்புதான் என்று அம்மா இன்றுவரை சாதிக்கிறாள்.

பட்டயம் வந்த மாதமே கம்பெனியில், சூப்பர்வைசர் பதவி வேண்டுமானால் "அட்டஸ்டேஷன்" ஆன, அதாவது அசல்தான் என்று அரசாங்க முத்திரை விழுந்த, படிப்பு சர்டிபிகேட் கொண்டு வா என்றார்கள். அந்தப் பதவியின் சம்பளம் இருந்தால்தான் எனக்கும் அம்மாவுக்கும் விசா நீட்டிக்க முடியும். இல்லையென்றால் பள்ளி மூடியதும் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அப்பாவோ பத்தாவது பெயில். மனுஷன் என்ன செய்வார், பாவம்! வாழ்க்கையில் வாங்கிய ஒரே சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, அரசாங்க விண்ணப்பங்களை அரபியில் அடித்துத் தர காயல்பட்டினத்து பாய் ஒருவர் நடத்திய "டைப்பிங் சென்டரு"க்குப் போனார்.

பாய் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "அண்ணே, எந்த யுனிவர்சிட்டி?"

"யுனிவர்சிட்டி இல்ல பாய். ஆனா செகப்பு சீல் இருக்கு, பாருங்க."

"சீலெல்லாம் ஜோராத்தான் இருக்கு. என்ன பாடம்?"

"யோசிக்கிறது," என்றார் அப்பா.

பாய் சிரிக்கவில்லை. "முதல்ல ஜப்பான்லயே முத்திரை வாங்கணும்ண்ணே, இங்க நடக்காது," என்று சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் அரபியில் ஒரு விண்ணப்பமும் அடித்து, காசு வேண்டாமென்று அனுப்பினார். கம்பெனி அலுவலகத்தில் அவ்வளவு பொறுமை இல்லை. "கேம் சர்டிபிகேட்டா? மாஃபி பாய், கலாஸ்!" என்று, இல்லை, முடிந்தது கதை என அரபியில் சொல்லித் திருப்பித் தந்துவிட்டார்களாம். அதை அப்பா வீட்டில் நடித்துக் காட்டினார். நானும் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அம்மா எழுந்து பெட்டியை இறக்கித் துணி அடுக்க ஆரம்பித்தாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அதன்பிறகு பதினோரு வருடம், நான் அம்மாவோடு ஊரில் புதுக்கோட்டையிலும் அவர் புஜைராவில் தொழிலாளர் கேம்பிலுமாகப் போனிலேயே ஆடினோம். அவர் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து இறங்கிய வருடம், நான் கல்யாணமாகி, ராஸ் லஃபானில் வேலை பார்க்கும் கணவரோடு கத்தாருக்கு வந்துவிட்டிருந்தேன். அப்பா இப்போது மூன்றாம் டான். நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்து சண்டை போட்ட காலம் மட்டும் பிறகு வாய்க்கவே இல்லை.