சூடான துண்டும் குப்பனூர் சம்பந்தமும்

என் தாடி லேசுப்பட்ட தாடி இல்லை. தென்னந்துடைப்பம். தை மாதக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தொட்டு பிளேடை வைத்தால் மயிர் போகாது, தோல்தான் போகும். எழுபதுகளின் கடைசியில் எனக்கு எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. தினமும் சவரம் செய்த முகத்தோடு போய் நிற்க வேண்டும். ஏற்காடு மலையில் எங்கள் ஊரான மாரமங்கலத்திலிருந்து நான் வெட்டுப்பட்ட இடமெல்லாம் காகிதத் துணுக்குகளை ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த நாட்கள்தான் அதிகம்.

ஒரு நாள் வெந்நீரில் குளித்த கையோடு சவரம் செய்தேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஓகோ, சூடுதான் சங்கதி என்று புரிந்தது. மறுநாளே ஒரு சின்னத் துண்டை நனைத்துப் பிழிந்து, சுருட்டி, இட்லிக் குண்டாவில் ஆவி காட்டினேன். உதறி, கையில் சூடு பார்த்து, மூக்கை மட்டும் வெளியே விட்டு முகத்தில் போட்டுக்கொண்டேன். அடடா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வது! தாடி வெண்ணெயாக வழித்துக்கொண்டு வந்தது.

நாலாம் நாள் அண்ணி பார்த்துவிட்டார்.

"ஏனுங்க கொழுந்தனாரே, திங்கற இட்லிக் குண்டாவுல மூஞ்சித் துண்டா? நாளைக்கு உங்க அண்ணன் வேட்டியையும் வேக வெக்கச் சொல்லுவாருங்க!"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றோடு சமையலறையில் எனக்கு இடமில்லை. வீட்டுக்குப் பின்னால் வெந்நீர் அடுப்பு உண்டு. அதன்மேல் இருக்கும் அண்டாவில் துண்டை முக்கி, குச்சியால் எடுத்துப் பிழிந்துகொள்ளப் பழகிக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் குப்பனூர்ப் பெண்ணைப் பார்க்கப் போனோம். எனக்கு அவளை முன்பே தெரியும். ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாயங்கால பஸ்ஸில் மலையடிவாரத்துக் குப்பனூருக்கு இறங்குவாள். எஸ்டேட் வேலையாகச் சேலம் போகும் நாட்களில் நானும் அந்த பஸ்தான். வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுக்கும். அவள் பையில் எப்போதும் எலுமிச்சம்பழம் இருக்கும். யார் பிள்ளை என்று பார்க்காமல் எழுந்து போய்க் கொடுப்பாள். நான் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கட்டினால் இவளைத்தான் என்று மனசுக்குள் முடிவாகிவிட்டது. அண்ணியிடம் சொன்னேன். தரகர் போய்வந்தார்.

பெண்ணின் அப்பா ஒரே ஒரு விஷயம்தான் சொல்லியனுப்பியிருந்தார். "மத்ததெல்லாம் முன்னப் பின்ன இருக்கட்டுங்க. மாப்பிள்ள குடிக்கக் கூடாதுங்க. பெரிய பொண்ணக் குடுத்துட்டு நாங்க படறது போதும்." மலைமேல் இருப்பவன் எல்லாம் குளிருக்குப் போடுவான் என்று கீழே ஒரு பேச்சு உண்டு. நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அதனால் கவலையே படவில்லை.

அது மிளகு பறிக்கிற சமயம். பச்சை மிளகைக் கூடையோடு கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துத்தான் எங்கள் பக்கம் வெயிலில் போடுவோம். அப்போதுதான் ஒரே சீராகக் கறுக்கும். பெண் பார்க்கப் போகிற அவசரத்தில் அண்ணி விடியும் முன்பே எழுந்து, பின்னால் இருந்த அந்த அண்டாவிலேயே நாலைந்து கூடை முக்கி எடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. வாசம் வரவில்லையா என்று கேட்பீர்கள். அந்த மாதம் எங்கள் வீடு, துணி, தலையணை எல்லாமே மிளகு வாசம்தான். அரையிருட்டில் துண்டை முக்கினேன், பிழிந்தேன், முகத்தில் போட்டேன். அன்று விசேஷம் என்பதால் சவரம் முடிந்து இன்னொரு முறையும் போட்டேன். அதற்குமேல் சேலத்தில் வாங்கி வைத்திருந்த லோஷனை வேறு தாராளமாகத் தடவினேன். எரிந்தது. லோஷன் என்றால் எரியத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் பாதி வழியில் முகம் வீங்க ஆரம்பித்தது. கண் இரண்டும் செக்கச்செவேல். தண்ணீராகக் கொட்டுகிறது. அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ சாமி, அந்த அண்டாவுலயா முக்குனீங்க?" என்று தலையில் கைவைத்தார். திரும்பிப் போகலாம் என்றேன். சொன்ன நேரத்துக்குப் போகாவிட்டால் அபசகுனம் என்றார் அண்ணன்.

பெண்ணின் அப்பா வாசலிலேயே என்னை மேலும் கீழும் பார்த்தார். வெற்றிலைத் தட்டை நீட்டுகிற சாக்கில் குனிந்து முகத்தருகே வந்தார். லோஷனின் ஸ்பிரிட் நெடி அவர் மூக்கில் ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"மலைமேல குளிரு நொம்பங்களா?" என்றார்.

"ஆமாங்க, நொம்பக் குளிருங்க. தாங்க முடியறதில்லீங்க" என்றார் அண்ணி, பாவம், ஒன்றும் புரியாமல்.

"மிளகு முக்கின தண்ணிங்க. அதுல துண்ட நனைச்சு, சவரத்துக்கு…" என்று நான் சொல்லத் தொடங்கினேன். எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. "அதனாலென்னங்க, காப்பி குடிங்க" என்று அவர் பேச்சை முடித்துவிட்டார்.

காப்பி கொண்டுவந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு கிண்ணத்தில் கெட்டித் தயிரும் ஈரத்துணியும் கொண்டுவந்து அண்ணியின் கையில் கொடுத்தாள். "தடவச் சொல்லுங்க. எரிச்சல் அடங்கும்" என்றாள். "உள்ள போ கண்ணு" என்றார் அவள் அப்பா.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். ஜாதகம் பொருந்தவில்லையாம். அந்த ஞாயிற்றுக்கிழமை முகம் தெளிந்திருந்தது. நான் வேட்டி சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். நேராகப் போய் நின்று, என்னை நன்றாகப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தது. அண்ணன் வாசலை மறித்தார். "வேண்டாம்னு சொன்ன ஊட்டுல போயி மானங்கெட்டு நிப்பியா?" எனக்கும் ரோஷம் வந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, சேலத்திலிருந்து மலையேறுகிற பஸ்ஸில் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குப்பனூர்ப் பெண்ணின் அப்பாவேதான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாரமங்கலம் ரைட்டர் தம்பிதானுங்களே?" என்றார். தலையாட்டினேன்.

"அன்னைக்கே எம்பொண்ணு சொல்லுச்சுங்க, இது குடி இல்லீங்கப்பா, மிளகு எரிச்சல்னு. எனக்குத்தான் பெரிய மாப்பிள்ள மூஞ்சியே கண்ணுல நின்னுதுங்க. மறுக்கா ஒருக்கா வந்தாருன்னா சரின்னு சொல்லோணும்னு எங்கிட்ட வாக்கு வாங்கிருச்சு. நானும் சரின்னேங்க. ரெண்டு மூணு ஞாயித்துக்கெழம மலை பஸ்ஸு வர்றப்பெல்லாம் வாசல்ல வந்து நின்னுச்சுங்க. நீங்கதான் வரலீங்களே."

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். ஈரோட்டில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் என்றார். ரொம்ப சந்தோஷம் என்றேன். அவர் குப்பனூரில் இறங்கிக்கொண்டார். பஸ் மேலே ஏறியது.

வேட்டி சட்டை எல்லாம் போட்டிருந்தேன். வாசல் வரைக்கும் வந்திருந்தேன். போகவில்லையே நான்.