ஒரே நாளில் இரண்டு இறுதியாட்டங்கள்

இங்கிலாந்தின் வடக்கே உள்ள இந்தச் சிற்றூருக்கு வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் ஏறியபோது ஓட்டுநர் என்னிடம், "ஹவ் டிட் வீ கெட் ஆன்?" என்று கேட்டார். எப்படி ஏறினோம் என்று கேட்கிறார் என நினைத்து, "முன் கதவால்தான்" என்று பணிவாகச் சொன்னேன். பஸ்ஸே சிரித்தது. அவர் கேட்டது ஊர் உதைபந்தாட்டக் கழகம் அன்று வென்றதா தோற்றதா என்பதை. இங்கே இறைச்சிக் கடைக்காரர் முதல் பல் வைத்தியர் வரை எவரும் கழகத்தை 'அவர்கள்' என்று சொல்வதில்லை. எல்லாம் 'வீ'தான். எங்கள் மொழியில் கேட்பவரையும் சேர்க்கும் 'நாம்' வேறு, சேர்க்காத 'நாங்கள்' வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்த 'வீ'க்குள் நானும் இருக்கிறேனா என்று தெரியாமலே பல வருடங்கள் போயின.

அந்தக் கழகம் கீழ்ப்பிரிவு லீக்கில் நெடுங்காலமாகக் கிடக்கிறது. இந்த வருடம் பிளே-ஓஃப் இறுதியாட்டம் வரை வந்துவிட்டது. வென்றால் ஒரு பிரிவு மேலே போகலாம். களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்யும் கெவின் எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துவிட்டு, வருகிறாயா என்று கேட்காமல், ரசிகர்களின் பஸ்ஸுக்கு எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னான். அதே கிழமை இலங்கையில் என் ஊரிலிருந்து பழைய கூட்டாளி ரகுவின் செய்தி வந்தது. "சனி பின்னேரம் நம்மட கழகத்துக்கு ஃபைனல். வெண்டா முதலாம் பிரிவு. லைவ் போடுறாங்க. ஏலுமெண்டா பார்." சித்திரை வருட வாழ்த்தைத் தவிர ரகு எனக்கு எதுவும் எழுதுவதில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடங்களுக்கு முன் செட்டிபாளையத்தில் எங்கள் கழகம் இதே தரமுயர்வு இறுதியாட்டத்துக்கு வந்தபோது கோல் காப்பாளன் நான். ரகு தலைவன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் ஓடிப் பழகிய பதினொரு பேர், மட்டக்களப்பு டவுன் மைதானத்தின் புல்லில் விளையாடப் போகிறோம் என்ற நினைப்பிலேயே மிதந்துகொண்டிருந்தோம். ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, என்னை வெளிநாட்டுக்கு அனுப்பக் காசு வாங்கியிருந்த ஏஜென்ட் ஆள் அனுப்பினார். உடனே கொழும்புக்கு வர வேண்டும், ஒருவருக்கும் மூச்சுவிடக் கூடாது. இளம் ஆண்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. கொண்டுபோனது யார் என்று கேட்கவும் பயந்தார்கள். விடியற்காலை பஸ்ஸில் ஏறினேன். போய்ச் சேரும்வரை வாய் திறக்கக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். என்னைத் தேடி ரகு வீட்டுக்கு வந்தபோது அம்மா அழுதிருக்கிறா. அந்த அழுகையை வைத்து, என்னைப் பிடித்துவிட்டார்கள் என்றே அவன் முடிவு செய்தான். இறுதியாட்டத்தில் எனக்குப் பதிலாகக் கோலில் நின்றவன் அவன்தான். நான்கு கோல் வாங்கித் தோற்றார்கள். நான் உயிரோடு இருப்பது பத்து நாள் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது. பிறகு இரண்டு தரம் ஊருக்குப் போனேன். இரண்டு தரமும் அவன் சிரித்தான், நான் சொக்லேட் கொடுத்தேன். அதற்கு மேல் இருவரும் போகவில்லை.

சனிக்கிழமை இங்கே ஆட்டம் மதியம். அங்கே மழையால் பிந்தித் தொடங்கியதால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஆயிரக்கணக்கான பேர் நடுவே, முழங்காலில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் திரையில் நனைந்த மைதானம், குடை பிடித்த சனம், கோட்டோரத்தில் கைகட்டி நின்ற ரகு. தலை நரைத்துவிட்டது. இப்போது அவன்தான் பயிற்சியாளன். எங்கள் கோலில் நின்றவனை எனக்குத் தெரியாது. யாருடைய மகன் என்றும் தெரியாது. ஆட்டம் சமநிலையில் முடிந்து, இருட்டு விழ முன் பெனால்டிக்குப் போனது. இங்கேயும் ஒன்றுக்கு ஒன்று. கெவின் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

எதிரணியின் நான்காவது உதையை எங்கள் காப்பாளன் இடப்பக்கம் பாய்ந்து தட்டினான். "பிடிச்சித்தான்!" என்று கத்திக்கொண்டு துள்ளி எழுந்தேன். என்னைச் சுற்றி ஒரே அமைதி. நிமிர்ந்து பார்த்தால், அந்தக் கணத்தில்தான் இங்கே எதிரணி எங்கள் வலைக்குள் பந்தை அடித்திருக்கிறது. முன் வரிசையிலிருந்த தடித்த மனிதர் திரும்பி, "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கெவின் குறுக்கே விழுந்து, "இவனுடைய தம்பி ஸ்ரீலங்காவில் ஃபைனல் விளையாடுகிறான்" என்றான். எனக்குத் தம்பியே இல்லை. திருத்தவும் தோன்றவில்லை. மனிதர் போனை எட்டிப் பார்த்தார்.

"எப்படிப் போகிறது?"

"நாங்கள் வெல்கிறோம்."

"யாராவது வென்றால் சரிதான்" என்று திரும்பிக்கொண்டார்.

கடைசி உதைக்கு எங்கள் ஆள் நடந்து போகும்போது படம் உறைந்தது. பிறகு வரவேயில்லை. மிச்ச நேரம் முழுவதும், தெரியாத ஒரு முடிவை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்முன்னே தெரிந்த தோல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் ஊதியதும் கெவின் முகத்தைக் கழுத்துத் துணிக்குள் புதைத்துக்கொண்டான்.

திரும்பிவரும் பஸ் மோட்டர்வேயில் ஏறியதும் ரகுவின் அழைப்பு வந்தது. பின்னால் வெடிச் சத்தம்.

"மச்சான், பாத்தியா?"

"கடைசி உதை பாக்கக் கிடைக்கல்லடா. லைவ் நிண்டு போச்சு."

"வெண்டித்தம்டா! முதலாம் பிரிவு!"

நான் சந்தோசமாக ஏதோ சொன்னேன். பிறகு, இருபது வருடமாகச் சொல்லாதது தானாக வெளியே வந்தது. "ரகு, அண்டைக்கு நான் சொல்லாமப் போனது..."

வெடிச் சத்தம் குறைந்தது. கூட்டத்தை விட்டு விலகி நடக்கிறான் போல.

"மூண்டு நாள் தேடினன்டா" என்றான். "வாவிக்கரையில ஒவ்வொரு கண்ணாமரப் பத்தைக்குள்ளயும் குனிஞ்சு பாத்தன். உன்ட சேட்டு நிறத்தில ஒண்டும் கிடக்கப்படாது எண்டு கும்பிட்டுக் கும்பிட்டுப் பாத்தன். ஃபைனல் அண்டைக்குக் கோலுக்குள்ள நிண்டும் றோட்டத்தான் பாத்தன். அந்த நாலு கோலும் எப்பிடிப் போன எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியா."

"மன்னிச்சிரு மச்சான்."

"போனில வேணாம். நேரில வந்து சொல்லு. எப்ப வாறாய்?"

பதில் சொல்ல முன் யாரோ அவனைத் தூக்கிவிட்டார்கள். சிரிப்பும் கூச்சலுமாக அழைப்பு அறுந்தது.

கண் கலங்கியிருந்ததைக் கெவின் பார்த்துவிட்டான். தன் கழக நிறக் கழுத்துத் துணியைக் கழற்றி என் தோளில் போட்டு, "நெக்ஸ்ட் இயர், மேட்" என்றான். "நெக்ஸ்ட் இயர்" என்றேன் நானும். அவன் ஆறுதலோடு தலையாட்டினான். நான் போனை எடுத்து, "அடுத்த வருசம் வாறன்" என்று ரகுவுக்கு எழுதி அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டதற்கான அடையாளம் உடனே வந்தது. பதில் வரவில்லை. பஸ்ஸின் பின்பக்கத்தில் யாரோ மெதுவாகக் கழகத்தின் பாட்டைத் தொடங்க, ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். எனக்கும் வரிகள் பாடம். வாய் அவர்களோடு பாடிக்கொண்டிருந்தது. கண்ணை மட்டும் போனிலிருந்து எடுக்க முடியவில்லை.