டியூப்லைட்டைக் கழற்றிய முத்துசாமி

மூலையில் கறுப்பு மை தடவிய கார்டு போன வாரம் வந்தது. மோகனூர் வயர்மேன் முத்துசாமி காலமாகிவிட்டார் என்று அவர் மகன் எழுதியிருந்தார். துக்கம் கேட்கப் போன இடத்தில், "தங்கமான மனுசனுங்க, அதிர்ந்து பேச மாட்டாரு" என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: முத்துசாமி சண்டைக்காரர். செத்துப்போனார் என்பதற்காக அவரைச் சாதுவாக்க நான் விடமாட்டேன்.

அப்பாவை நாங்கள் அய்யன் என்போம். என் அய்யன் அருமைக்காரர். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர்களை முன்னின்று நடத்திவைக்கும் பெரியவரை அப்படித்தான் சொல்வோம். எழுபதுகளின் நடுவில் அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. அந்தச் சந்தோஷத்தில் அண்ணன் முதன்முதலாக ஒரு டியூப்லைட் வாங்கி, வாசற்படிக்கு மேலே உள்பக்கமாக மாட்டினார். அதற்கு நேர் எதிரே அய்யனின் கட்டில். பொழுது சாய்ந்த நேரத்தில் சம்பந்தி உள்ளே வந்தார். அய்யன் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கரும்பு வெட்டும் ஆள் என்று நினைத்து, "கரும்பு வெட்ட வாரேன்னு சொல்லி ஏமாத்திப்போட்டு இப்பத்தான் வர்றயா? போயிப் பொறத்தால நில்லுடா!" என்று அதட்டினார்.

சம்பந்தி முகம் சுண்டிப்போனது. அய்யனுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று அண்ணன் முடிவு கட்டினார். சீருக்கு வேறு அருமைக்காரரை அழைப்பதாக ஏற்பாடு. நானும் தலையாட்டினேன். பகலில் அவர் ஒருவரைக்கூட மாற்றிச் சொன்னதில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. அய்யன் பேத்தி கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்திருந்த வேட்டியை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பந்தலுக்கு சீரியல் லைட் போட வந்த முத்துசாமியிடம் அம்மாதான் இதைச் சொல்லி அழுதாள். அவர் நேராகப் போய் அய்யனின் கட்டிலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தார். பிறகு ஏணியைத் தூக்கிவந்து டியூப்லைட்டைக் கழற்றத் தொடங்கினார்.

"பந்தல் வேலைக்கு வந்தவன் பந்தல் வேலையப் பாரு" என்று அண்ணன் கத்தினார்.

"பெரியவருக்குப் புத்தி தடுமாறலீங்க. நீங்க லைட்டு மாட்டுன எடந்தான் தப்புங்க. புரை விழுந்த கண்ணுல நேரா அடிக்குது. வர்றவங்க மூஞ்சியெல்லாம் இருட்டாத்தானுங்க தெரியும். இத மாத்தாம உங்க பந்தல்ல ஒரு பல்பு எரியாது!"

கட்டிலுக்குப் பின்சுவரில், தலைக்கு மேலே ஒரு குண்டு பல்பு மாட்டினார். பிஸ்கட் டின்னைப் பாதியாக வெட்டி அதற்கு மறைப்பு வைத்தார். வெளிச்சம் அய்யனின் கண்ணில் படாமல், வாசலில் நிற்பவர் முகத்தில் விழுந்தது. பொழுது சாய்ந்ததும் எங்களை ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னார். அய்யன் எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்தார். கடைசியாக அண்ணன் வந்தார்.

"பெரியவனே, எதுக்குடா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?"

அண்ணன் உடைந்து அழுதார். அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அய்யன்தான் பேத்திக்குச் சீர் செய்தார்.

"லைட்டு ஊட்டு அழகுக்கு இல்லீங்க, ஊட்டுல இருக்கறவங்க கண்ணுக்கு" என்று முத்துசாமி அதன்பிறகு எத்தனையோ வீடுகளில் சண்டை போட்டார். சில வீட்டார் அவரை மறுபடி கூப்பிடவே இல்லை. அவர் கவலைப்படவும் இல்லை.

அந்தச் சண்டையைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெரியவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று எவராவது என்னிடம் சொன்னால், முதலில் அவர் கட்டிலில் போய் உட்கார்ந்து வாசலைப் பார்க்கிறேன்.