தோளில் நின்ற சிவப்பு

என் வலது தோளில் நோவு இருந்தது. அதை நம்பாத ஒருத்தியும் இருந்தாள். நோவு போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவள் மீதான ஆத்திரம் இன்னும் போகவில்லை. வயது போனால் எல்லாம் ஆறிவிடும் என்று எனக்கு யாரும் புத்தி சொல்ல வர வேண்டாம்.

அவள் என் மச்சாள், கணவரின் அக்கா. எழுபதுகளின் நடுவில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்தபோது, சொந்தமாக ஒரு வீடு எடுக்கும்வரை அவள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தோம். பகலில் நான் ஒரு சேர்ட் தொழிற்சாலையில் கொலர் தைத்தேன். பின்னேரம் வந்து மச்சாளின் குசினியில் சமையலுக்கு நின்றேன். நாள் முழுக்கத் துணியை ஒரே பக்கமாகத் தள்ளித் தள்ளி வலது தோள் இறுகிப் போனது. கழுத்திலிருந்து முழங்கைவரை விண்விண் என்று தெறிக்கும். தலை வாரக் கை எழும்பாது.

டொக்டர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் ஒரு பழுதும் இல்லை என்றார். அவ்வளவுதான், மச்சாளுக்கு வாய் கிடைத்துவிட்டது.

"எக்ஸ்ரேயிலை ஒண்டும் இல்லையாம். பிறகென்ன நோவு? குசினிக்குள்ளை கால் வைச்சால் மட்டும் வாற நோவோ?"

என்னிடம் சொன்னதோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிற பெண்களிடமெல்லாம் சொன்னாள். அந்தக் காலத்துச் சிட்னியில் எங்கள் ஆட்கள் என்று இருந்ததே அந்தச் சில குடும்பங்கள்தான். அவர்களும் என்னைக் கண்டால், "இப்ப கை எப்பிடி?" என்று கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதைவிடக் கேவலம், என் கணவரும் அக்காவின் பக்கம் சாய்ந்ததுதான். கை வழுக்கி ஒருநாள் நான் கறிச்சட்டியைப் போட்டு உடைத்தபோது, "கொஞ்சம் மனம் வைச்சுச் செய்யன்," என்றார். நோவு கூடப் பெரிதாகத் தெரியவில்லை, அந்தச் சொல்தான் சுட்டது. மச்சாளுடைய வாயாலேயே, எல்லாருக்கும் முன்னால், எனக்கு நோவு உண்டென்று சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் ஒரு கொரியாக்காரி இருந்தாள். புருஷன் வியட்நாமில் வேலை செய்துவிட்டு நேரே சிட்னிக்கு வந்தவனாம். இவள் பிறகு வந்து சேர்ந்தவள். அவளுக்கும் ஆங்கிலம் அரைகுறை, எனக்கும் அரைகுறை, அதனால் எங்களுக்குள் ஒரு கரைச்சலும் வரவில்லை. நான் இடது கையால் நூல் கோர்க்கப் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒரு மத்தியானம் என்னை உடுப்பு மாற்றும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பெருவிரலால் தோளை அழுத்தினாள். நான் "ஐயோ, அம்மா!" என்று கத்தியதும், தெரியும் என்பதுபோலத் தலையாட்டினாள். இந்த நாட்டில் என்னை நம்பி ஆடிய முதல் தலை அது.

பையிலிருந்து சீப்பளவு எருமைக்கொம்புத் துண்டு ஒன்றை எடுத்தாள். விளிம்பு வழவழவென்று இருந்தது. தோளில் எண்ணெய் தடவி, கொம்பைச் சரித்துப் பிடித்து, கழுத்திலிருந்து தோள்மூட்டை நோக்கி உரஞ்சினாள். ஒரே திசைதான், திருப்பி மேலே உரஞ்சவில்லை. குவால்சா என்று பெயர் சொன்னாள். அவர்களுடைய ஊர் வைத்தியமாம். தோல் எரிந்தது. உள்ளே கட்டிக் கிடந்ததெல்லாம் கொம்பின் கீழே நறநறவென்று அரைபட்டது. கண்ணாடியில் பார்த்தால், தோள் முழுக்கக் கருஞ்சிவப்புக் கோடுகள்! நான் பயந்து ஏங்கிப் போனேன். அவள் சிரித்துக்கொண்டு இடது தோளையும் அதே மாதிரி உரஞ்சிக் காட்டினாள். அது லேசாகச் சிவந்து உடனே மறைந்தது. கெட்டது இருக்கிற இடத்தில்தான் சிவப்பு நிற்கும், இல்லாத இடத்தில் நிற்காது என்றாள். சில நாளில் தானாகப் போய்விடும், அதுவரை குளிர்காற்றுப் படாமல் மூடி வை என்றும் சொன்னாள்.

அன்று பின்னேரமே கை தலைவரை எழும்பியது. எனக்கு வந்த சந்தோஷத்தில், புத்தியில்லாமல், மச்சாளிடம் போய் இரண்டு தோளையும் காட்டி விளக்கம் சொன்னேன். இந்தச் சிவப்புக்குச் சாட்சி வேண்டாம், பார்த்தால் தெரியும் என்று நினைத்தேன்.

"தோலை உரஞ்சினால் ஆருக்கும்தான் சிவக்கும்," என்றாள் அவள். "கொரியாக்காரி கொம்பாலை சுரண்டி நோவு போறதெண்டால், முதல்லை நோவு இருக்கவேணுமெல்லே?"

சொல்லிவிட்டு வெங்காயத் தட்டை என் பக்கம் தள்ளினாள். இரு, உனக்கு நல்ல வேலை செய்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வெங்காயம் வெட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்த முறை பஜனை மச்சாள் வீட்டில்தான். ஆண்கள் முன் ஹோலில் பாடத் தொடங்கிவிட்டார்கள். பெண்கள் குசினியில் கடலை தாளித்துக்கொண்டு நின்றார்கள். அதுவரை நான் கார்டிகனைக் கழற்றவில்லை. அடுப்புச் சூடு ஒரு சாட்டு, தெரிந்துதான் கழற்றினேன். பின்கழுத்து இறக்கித் தைத்த சட்டை போட்டதும் தெரிந்துதான். மூடி வைக்கச் சொன்னதை நான் மறக்கவில்லை. குளிர் பட்டால் படட்டும்.

கோடுகளைக் காட்டி, நோவு இருக்கிறது, பாருங்கோ என்று சொல்வதுதான் என் எண்ணம். ஆனால் எங்கள் சனத்துக்கு ஒரு பெண்ணின் தோளில் அப்படிக் கோடு கிடந்தால் ஒரே ஒரு அர்த்தம்தான். எல்லாருக்கும் மூத்த அன்ரி அகப்பையை வைத்துவிட்டு என் கிட்டே வந்தா.

"பிள்ளை, ஆர் உனக்கு அடிச்சது?"

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி மச்சாளைப் பார்த்தேன். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஹோலில் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த என் கணவர் மேலும் இந்தப் பழி கொஞ்சம் விழும் என்று எனக்குத் தெரியும். விழட்டும்.

"ஐயையோ, அன்ரி! இது அடியில்லை!" மச்சாளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"பின்னை என்ன?"

"இவளுக்குத் தோள் நோவு, அன்ரி! பொல்லாத நோவு! மெஷினிலை இருந்து இருந்து வந்தது. கை எழும்பாமல் எவ்வளவு காலமாப் பாடு படுறாள், பாவம்! வேலை செய்யிற இடத்திலை ஒரு கொரியாக்காரி கொம்பாலை உரஞ்சி விட்டவள். சாமியாணை, உண்மையான நோவு!"

அப்பாடா! இன்னும் ஒருதரம் சொல்லச் சொல்லிக் கேட்கலாம் போலிருந்தது.

அன்ரி என் கன்னத்தைத் தடவினா. "உண்மையோ பிள்ளை? ஆருக்கும் பயப்பிடாமல் சொல்லு."

"சொல்லன்!" மச்சாள் அழாக்குறையாக என்னைப் பார்த்தாள். "வாயைத் திறந்து சொல்லன்!"

நான் அவசரப்படவில்லை. கார்டிகனை எடுத்து, வலது கையை நன்றாக மேலே தூக்கி, அழகாகப் போட்டுக்கொண்டேன்.

"எனக்கொரு நோவும் இல்லை, அன்ரி," என்றேன். "எக்ஸ்ரேயிலை ஒண்டும் இல்லையாம். மச்சாளைக் கேளுங்கோ."