மேனேஜரைக் கூப்பிடு

கரையான்சாவடி தாண்டி மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு ஹோட்டலில் ஆறு வருடம் ரெஸ்டாரன்ட் சூப்பர்வைசராக இருந்தேன். மாடியில் பார். அதன் மேனேஜர் வேலையை விடுகிறார் என்று தெரிந்த அன்றே முதலாளியின் அறைக்குப் போய், அந்த இடத்தை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குத் தெம்பாக இருந்தது.

"பார்ல லேடீஸ் எப்படிம்மா? கஸ்டமர் ஒத்துக்கணுமே?"

"அதே கஸ்டமருக்குத்தானே சார் கீழ சாப்பாடு போடுறேன்."

மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்.

பாரில் பார்மேன் ஒருவர் பத்து வருடமாக இருந்தார். பூந்தமல்லிக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மேனேஜர் நாற்காலி தனக்குத்தான் வரும் என்று நம்பியிருந்தவர். முதல் நாள் கிளாஸைத் துடைத்துக்கொண்டே, "குடிக்காத ஆளு பார நடத்தப் போறியா? நல்லா கீதும்மா" என்றார்.

"எங்கம்மா ஒருசந்தின்னு விரதம் இருக்கிற அன்னிக்கு குழம்ப மோந்து பாத்தே உப்பு சொல்லிடும்ணா."

அவர் அடுத்த கிளாஸை எடுத்தார்.

பார் திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஆவடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்துவிடுவேன். ஒவ்வொரு பாட்டிலாக மூடி திறந்து முகர்ந்தேன். ரம் வெல்லப்பாகு போல உடனே பிடிபட்டது. விஸ்கிகளைப் பிரித்தறியப் பல நாள் ஆனது. அளவுக் கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றி ஊற்றி, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்ற வரும்வரை பழகினேன். லைசென்ஸ் விதிகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தேன்.

மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர் போலிருந்தார் ஒருவர். கழுத்தில் ஐடி கார்டு, மேஜைமேல் பைக் சாவி. நாலாவது ரவுண்டு கேட்டார். குரல் உயர்ந்திருந்தது.

"போதும் சார். சாப்பிடுங்க, ஆட்டோ சொல்றேன்" என்றேன்.

"நீ யாரு? மேனேஜரைக் கூப்பிடு."

"நான்தான் சார் மேனேஜர்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைகள் திரும்பிப் பார்த்தன. கவுன்டரைப் பார்த்து, "அண்ணாத்தே, இன்னா இது? நீ ஊத்து" என்று கத்தினார்.

பார்மேன் ஊற்றிவிட்டால் அன்றோடு என் அதிகாரம் போயிற்று. ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜையை விட்டு நகரவுமில்லை. பின்னால் பாட்டில் மூடி திருகப்படும் சத்தம் கேட்டது.

"மேடம் சொன்னா சொன்னதுதான் சார். சாவிய குட்துட்டு கெளம்புங்க. ஆட்டோ வந்துகினு கீது" என்றார் பார்மேன், மூடியை இறுக்கிக்கொண்டே.

ஐடி கார்டுக்காரர் வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

கூட்டம் குறைந்ததும் பார்மேன் என்னிடம் வந்தார். "ரெண்டாவதுலயே அந்த ஆளுக்கு நாக்கு கொழறிச்சு. மூணாவது ஊத்திருக்கவே கூடாது. தெரிஞ்சும் சொல்லல."

"ஏண்ணா?"

"நீ மாட்டிக்கினு முழிக்கட்டும்னுதான்."

"என் மேல கோவம்னா என்கிட்ட காட்டுங்க. பைக்ல போற ஒருத்தர் உசுர்ல காட்டாதீங்க" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் காலை எனக்கு முன்பே வந்து, ஷட்டரைத் தூக்கிவிட்டு நின்றிருந்தார். யார் குடியில் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டோம்.

மூன்று மாதம் முடிந்தது, வேலை நிரந்தரமானது. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, பக்கத்துத் தெரு ஆன்ட்டி எனக்கு என்ன வேலை என்று கேட்டார். "ஹோட்டல்ல மேனேஜரு" என்று அம்மா முந்திக்கொண்டார்.

"பார் மேனேஜர், ஆன்ட்டி" என்றேன்.

அம்மா என் கையைக் கிள்ளினார். ஆன்ட்டி என் பக்கத்தில் நெருங்கி வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் மருமக கேட்டரிங் படிச்சிட்டு சும்மா இருக்கா. அங்க லேடீஸ் எடுப்பீங்களா?" என்றார்.

சர்டிஃபிகேட்டோடு வரச் சொல்லுங்கள் என்றேன். அம்மா மறுபடியும் கிள்ளினார்.